இரண்டு எட்டாம் தேதிகள்

ஜூன் 16, திங்கள்

அடுத்த வருசத்தின் ஜனவரி இன்று என் மேசைக்கு வந்துவிட்டது. ஆடியே பிறக்கவில்லை, அதற்குள் வரப்போகிற தைப்பொங்கலுக்கு நல்ல நேரம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவகாசியில் பாதிப் பேர் பட்டாசு, மீதிப் பேர் அச்சு. நான் அச்சு. தினசரிக் காலண்டர் தாள்களில் பிழை பார்க்கிற வேலை.

இந்த வேலைக்கு முதல் தகுதி, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது. எனக்கு அது போய்விட்டது. பத்துத் தாளுக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். சூப்பர்வைசர் அய்யாதுரை அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏம்மா, நாற்காலியில முள்ளு கிள்ளு இருக்கா?" என்றார். தாகம் அண்ணாச்சி என்றேன். அப்படி ஒரு தாகம்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன் இருக்கும். வரவு, பயம், மறதி, நன்மை. என் வீட்டுக்காரர் மணிமுத்து தினமும் காலையில் தாளைக் கிழித்ததும் கடக ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று உரக்க வாசிப்பார். "மீனா, இன்னைக்கு நமக்கு வரவாம். வர்றவன உள்ள விடு." பதினேழு வருசமும் இதே பகடி. எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருசம் செப்டம்பர் 9, திங்கட்கிழமை, அவர் தாளைக் கிழிக்கவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். நான் அப்போது காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல், "செவுத்துலதான தொங்குது, பாருங்க" என்றேன்.

அன்று மதியம் அவர் இல்லை. நோயும் இல்லை, விபத்தும் இல்லை. அவராகவே.

போயும் போயும் காலண்டர் கம்பெனிக்கு ஏன் வேலைக்கு வந்தேன்? வேண்டுமென்றே வந்தேனா? தெரியவில்லை.

ஜூன் 21, சனி

மூன்றாவது சனி. போகவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கொடுத்த துண்டுச்சீட்டு பையிலேயே கிடக்கிறது. "தற்கொலையில் உறவை இழந்தோர் சந்திபு. சூலக்கரை. மாதந்தோறும் மூன்றாம் சனி, காலை 11 மணி." சந்திப்பு என்பதில் 'ப்' இல்லை. ஒற்றுப்பிழையோடு கூப்பிடுகிற இடத்துக்கு நான் எதற்குப் போகவேண்டும்? நல்ல சாக்கு. போன மாதமும் இதே சாக்கைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 4, வெள்ளி

இருளம்மாக்கா இன்றும் கருவாட்டுக் குழம்பில் துண்டை எனக்கு ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிட்டாள். அவள் பைண்டிங் பிரிவு, காலண்டர் தலையில் தகரம் அடிப்பவள். ஆறு வருசத்துக்கு முன் அவள் புருசன் சங்கிலிமுத்து பட்டாசு ஆலை வெடி விபத்தில் போனார்.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மதியம் அவள் கேட்டாள்: "வீட்டுக்காரரு?" தவறிட்டாரு என்றேன். "ஆலையிலயா?" என்றாள். இந்தப் பக்கத்தில் நாற்பது வயது ஆள் செத்தால் வேறென்ன கேட்பார்கள்? என் தலை தானாக ஆடிவிட்டது. ஆடிய தலையைத் திருப்பி ஆட்ட முடியவில்லை. எந்தத் தேதி என்றாள். செப்டம்பர் ஒன்பது என்றேன். அதுமட்டும் உண்மை. அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தன் தூக்குச்சட்டியை என் பக்கம் தள்ளினாள். அன்றிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறாள். அம்புட்டு மீனையும் நான் பொய் சொல்லித் தின்கிறேன்.

நாங்கள் முன்பு இருந்த ஊரிலோ அவருக்கு நெஞ்சுவலி. மாமனார் அன்றைக்கே எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டார். யாரும் நம்பவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்துத் தெருவில் ஆலைச்சாவு என்றால் ஊர் திரண்டு வந்து அழும். எங்கள் வீட்டு வாசல்வரை வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமல் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அந்தச் செருப்புகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஜூலை 19, சனி

போனேன்! போய்விட்டு ஓடி வந்தேன்.

இப்போது குடியிருக்கிற ஆமத்தூரில் பஸ் ஏறி, மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்தேன். கண்டக்டர் "எங்கதான் உக்காரப்போறீக?" என்று சிரித்தார். சூலக்கரையில் இறங்கி, கலெக்டர் ஆபீசைத் தாண்டி ஒரு சின்ன மாடிக் கட்டடம். கதவு திறந்திருந்தது. ஏழெட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி, வட்டமாக. ஒரு பெரியவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். கதவோரம் கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு அம்மா எழுந்து வந்து, "வாங்கம்மா" என்றார்.

நான், "இங்கன ஆதார் திருத்தம் பாக்குறாங்களா?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை. ஆபீசே விடுமுறை. எவன் ஆதார் திருத்துவான்? அந்த அம்மா சிரிக்கவில்லை. "இங்கன இல்லம்மா. வெயில்ல வந்திருக்கீக, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க. எம் பேரு குருவம்மாள்" என்றார். நான் வேலையிருக்கு வேலையிருக்கு என்று படியிறங்கிவிட்டேன். ஒரு படி தவறிக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. வேண்டும் எனக்கு.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

என் மகள் ஜோதி என்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பதினொன்றாம் வகுப்பு, சாயங்கால பஸ்ஸில் வருவாள். அதே பஸ்ஸில் இருளம்மாக்கா. நான் ஓவர்டைம். அக்கா இவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "நாகஜோதிதான நீயி? ஒங்கப்பாவுக்கும் சேத்துத்தான்த்தா இன்னைக்கு வெளக்கு வச்சேன். ஆலையில போனவுகளுக்குன்னு வைக்கிறப்ப அவுக பேரையும் சொல்லிட்டேன்" என்றிருக்கிறாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜோதி புத்தகப்பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"ஊருல நெஞ்சுவலி. ஒன் கம்பெனில வெடி. அப்பா எத்தன தடவம்மா சாகுறது?"

நான் ஏதோ சொன்னேன். கை கழுவு, சோறு போடுறேன் என்றுதான் நினைக்கிறேன். அதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது.

"அப்பா என்ன திருடுனாரா? கொலை பண்ணுனாரா? நான் யாருகிட்டயும் அப்பாவப் பத்திப் பேசவே முடியலை. எந்தப் பொய்ய எவகிட்ட சொல்லிவச்சிருக்கன்னே எனக்குத் தெரியலை. நீ நெசத்தச் சொல்ற வரைக்கும் எங்கிட்டப் பேசாத."

சரியாகத்தான் பேசினாள். ஒரு பிழை இல்லை. பிழை பார்க்கிறவள் நான், என்னிடம்தான் அத்தனையும்.

ஜூலை 29, செவ்வாய்

நாளைக்கு இருளம்மாக்காவிடம் சொல்லிவிடுவேன்.

ஜூலை 30, புதன்

சொல்லவில்லை. சுரைக்காய்க் கூட்டு கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அடுத்த வருசத்துச் செப்டம்பர் தாள்கள் வந்துவிட்டன.

வந்தால் என்ன? எழுத்துத்தானே. ஒன்று, இரண்டு, மூன்று — ராகு காலம் சரி, எமகண்டம் சரி. ஏழு சரி. எட்டு, செவ்வாய், மூன்றிலிருந்து நாலரை, சரி. அப்புறம் என் கண் போகமாட்டேன் என்றது. மாடு முரண்டு பிடிப்பதுபோல. தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் தண்ணீர் குடித்தேன். கடகத்துக்கு அன்று என்ன சொல் போட்டிருக்கும்? போன வருசம் அந்தத் தாளில் 'நன்மை' என்றிருந்தது. சாயங்காலம் போலீஸ்காரர் போனபிறகு பார்த்தேன். நன்மையாம். அதையும் எவளோ ஒருத்தி பிழை பார்த்துத்தானே விட்டிருப்பாள்.

அடுத்த தாளைப் புரட்டி, பார்க்காமலே ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அழகுமீனா. பத்தாம் தேதியிலிருந்து சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

மூன்றாவது சனி. மாவாட்டினேன். வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பேசுவதில்லை, ஒரு வாரத்துக்கு மாவு இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுத்து கோணுகிறது, போகட்டும்.

மதியம் அய்யாதுரை அண்ணாச்சி ஒரு கட்டுத் தாளோடு என் மேசைக்கு வந்தார். அச்சாகி, வெட்டி, தகரம் அடிக்கப் போன தாள். செப்டம்பர் 8 செவ்வாய். அதைக் கிழித்தால் அடியில் மறுபடியும் செப்டம்பர் 8 செவ்வாய். அதையும் கிழித்தால் 10 வியாழன். ஒன்பதாம் தேதியே இல்லை. பக்கம் அடுக்கியவன் ஒரே தாளை இரண்டு தடவை போட்டிருக்கிறான். பிழை பார்த்த பிரதியில் அந்த இரண்டாவது எட்டின் ஓரத்தில்தான் என் கையெழுத்து.

"என்னம்மா இது? எழுத்த முழுங்குவாக, புள்ளிய முழுங்குவாக. ஒரு நாளையே முழுங்கிட்டீகளே! இந்த ஆர்டர வாங்குறவன் அன்னைக்குக் கல்யாணம் வச்சிருந்தா என்ன செய்வான்?"

மெஷின் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டது. அப்போது பைண்டிங்கிலிருந்து இருளம்மாக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வையாதீக. அது அவ வீட்டுக்காரரு தவறுன தேதி. ஆலையில."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" என்றார். குரலே மாறிவிட்டது. அவர் மைத்துனனும் ஆலையில் போனவராம். அந்த ஒரு ஃபாரத்தை மட்டும் திரும்ப அச்சில் ஓட்டிக்கொள்ளலாம், நீங்க போய் மூஞ்சியக் கழுவுங்க என்றார். எல்லாரும் என்னை அவ்வளவு அன்பாகப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மணிமுத்து, உங்களுக்கு வரவேண்டிய அழுகையை வேறு யாருடைய சாவையோ காட்டி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையிலேயே, கம்பெனிக் குழாயடியில். அவள் குடத்தை வைத்துவிட்டு நிமிரும் முன்பே கொட்டிவிட்டேன். "அக்கா, அவரு ஆலையில போகலை. அவராவே போயிட்டாரு. நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்." துப்பினாலும் துப்பட்டும் என்று நின்றேன்.

அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்பருந்து?"

"நீ தேதி சொன்ன அன்னைக்கே. சங்கிலிமுத்து போனதுலருந்து எங்கன எந்தத் தேதியில வெடிச்சாலும் என் மண்டையில ஏறிக்கிரும். எத்தன பேரு, யாரு யாருன்னு எல்லாம். செப்டம்பர் ஒம்பதுக்கு இந்தப் பக்கம் எங்கயும் வெடிக்கல மீனா."

ஏழு மாதம்! ஏழு மாதமாகத் தெரிந்துகொண்டேதான் எனக்குக் கருவாட்டுத் துண்டை ஒதுக்கினாளா? தெரிந்துகொண்டேதான் அமாவாசைக்கு விளக்கா? நேற்று அத்தனை பேர் முன்னால் ஆலையில என்று சொன்னது?

கோபம் வந்துவிட்டது எனக்கு. "அப்பறம் ஏன்க்கா கேக்கலை?" என்று கத்தினேன்.

"எனக்கு அழ ஊரே வந்துச்சுடீ. பாதி வெந்த ஒடம்புன்னாலும் தெருவே தூக்கிட்டுப் போச்சு. ஒனக்கு யாரு வந்தா? ஆலையிலன்னு சொன்னாத்தான் எவளாச்சும் பக்கத்துல ஒக்காருவான்னு நெனச்சிருக்க. சரி, ஒக்காந்துட்டுப் போறேன்னு ஒக்காந்தேன்."

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் மூடவில்லை. நான் அழுதேன். போன செப்டம்பருக்குப் பிறகு இன்னொரு ஆளின் முன்னால் அழுவது இதுதான் முதல் தடவை.

"மொதல்ல ஒம் மவகிட்டப் பேசு" என்றாள். "அன்னைக்கு பஸ்ஸுல நான் சொன்னதும் அது மூஞ்சி சுண்டிப்போச்சு. நானும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

செப்டம்பர் 4, வியாழன்

மாமனார் கருத்தப்பாண்டி போனில் முதலாண்டு நினைவு போஸ்டர் அனுப்பியிருக்கிறார். பிழை இருந்தால் பார்த்துச் சொல் என்று. "மாரடைப்பால் எங்களை மீளா துயரில் ஆழ்த்தி…" மீளாத் துயரில் என்று 'த்' போடவேண்டும். போட்டேன். பிறகு 'மாரடைப்பால்' என்பதை நீக்கினேன். நீக்கி அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்து, மறுபடி பற்றவைத்து, வாசலைப் பெருக்கினேன். காலையில் பெருக்கிய வாசல்.

அரைமணி கழித்துக் கூப்பிட்டார்.

"சரித்தா. அந்த வார்த்த வேண்டாம். அத வாசிக்கிறப்பல்லாம் எனக்குத்தான் மாரடைக்குது."

செப்டம்பர் 6, சனி

ஒன்பதாம் தேதிக்கு லீவு லெட்டர் எழுத இரண்டு மணி நேரம். நாலு வரி.

'தற்கொலை' என்று எழுதினால் அதற்குள் கொலை உட்கார்ந்திருக்கிறது. யாரை யார் கொன்றது? 'மாய்த்துக்கொண்டார்' என்று பேப்பரில் போடுகிறார்கள், மாயாஜாலம் மாதிரி இருக்கிறது. கடைசியில் இப்படி எழுதினேன்: "என் கணவர் பட்டாசு ஆலை விபத்தில் இறக்கவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவருடைய முதலாம் ஆண்டு நாள். விடுப்பு வேண்டுகிறேன்."

அண்ணாச்சி நின்றபடி வாசித்தார். உட்கார்ந்து இன்னொரு தரம் வாசித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு நாளா எடுத்துக்கோங்க" என்றார். பிறகு, நான் வாசலைத் தாண்டும்போது, "பிழையில்லாம எழுதியிருக்கீகம்மா" என்றார். அவருக்கு வேறென்ன சொல்லத் தெரியும், பாவம்.

லெட்டரைக் கொடுப்பதற்கு முன் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்திருந்தேன். ஜோதி காலையில் டிபன் எடுக்கும்போது வாசித்துவிட்டாள். என் டிபன் டப்பாவையும் அவளே மூடி வைத்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஊருக்குப் போய்ப் படையல் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். சன்னலோரம் ஜோதி. கையில் அப்பாவின் போட்டோ, துணியில் சுற்றி. இனி அது இங்கே எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அவள்தான் கேட்டு வாங்கினாள்.

ஆமத்தூர் வருமுன் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை. அன்றைக்குக் காலையில் அவர் கிழமை கேட்டதையும், நான் செவுத்துல பாருங்க என்றதையும். "திரும்பிக்கூடப் பாக்கலை ஜோதி. என்ன கிழமைன்னு சொல்லிருந்தா, திரும்பி மூஞ்சியப் பாத்திருந்தா…"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கிட்டயும் கேட்டாரும்மா."

"என்ன?"

"அதே கேள்விதான். நான் வாசல்ல சைக்கிள எடுத்துக்கிட்டு இருந்தேன். 'திங்கக்கெழமைப்பா'ன்னு சொன்னேன். நல்லாத் திரும்பிப் பாத்துத்தான் சொன்னேன். சிரிச்சேன்கூட. அவரும் சிரிச்சாரு." போட்டோவை இறுக்கிக்கொண்டாள். "சொல்லியும் போயிட்டாரும்மா."

ஒரு வருசம். ஒரே வீட்டில், ஒரே கேள்வியை, நான் பதில் சொல்லவில்லையே என்று நானும், சொன்ன பதில் போதவில்லையே என்று அவளும். பதினாறு வயசுப் பிள்ளை அதை எப்படிச் சுமந்தது? நான் மாவாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளைக் கட்டிக்கொண்டேன். ஆமத்தூர் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தோம்.

செப்டம்பர் 20, சனி

மூன்றாவது சனி. மூன்று பேராகப் போனோம். இருளம்மாக்கா படியேறவில்லை. "எனக்குத்தான் ஊரே அழுதிருச்சுன்னு சொன்னேன்ல. நீங்க போங்க. நான் கீழ டீக்கடையில இருக்கேன், எந்திரிச்சு ஓடியாந்தா புடிச்சுத் திரும்ப அனுப்புவேன்" என்றாள்.

ஓடிவரவில்லை. இரண்டு தடவை எழுந்தேன், தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் என்னை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அந்தக் கைக்குட்டைப் பெரியவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டேதான் இருந்தார். அவர் பேர் சீனிச்சாமி. மகனைப் பறிகொடுத்தவர். ஜோதிதான் முதலில் பேசினாள், நான் இல்லை. கிழமைக் கதையை முழுக்கச் சொன்னாள். குருவம்மாள் அவளை நடுவில் நிறுத்தவேயில்லை. முடிந்ததும், "ஏன் போனாகன்னு இங்கன யாருகிட்டயும் பதில் இல்ல தாயி. எங்கிட்டயும் இல்ல, என் தங்கச்சி போயி பதினோரு வருசமாச்சு. ஆனா இங்கன எம்புட்டு தடவ வேணாலும் கேக்கலாம்" என்றார்.

பெரியவர் சோளப்பொரி கொண்டுவந்திருந்தார். எல்லாரும் தின்றோம்.

நவம்பர் 2, ஞாயிறு

அடுத்த வருசக் காலண்டர் ஒன்று கம்பெனியில் கொடுத்தார்கள். ஆணியடித்து மாட்டியாயிற்று. திருத்திய ஒன்பதாம் தேதி இருக்கிறதா என்று ஜோதி புரட்டிப் பார்த்தாள். இருக்கிறது. கடகத்துக்கு 'பொறுமை' என்றாள். நானே பார்த்த தாள்தான். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 21, சனி

மூன்றாவது சனி. கதவில் ஒட்டியிருக்கிற தாள் இப்போது என் கையெழுத்தில்: சந்திப்பு, 'ப்' போட்டு. ஜோதிக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. நான் கொஞ்சம் முந்தியே போய் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்குப் படியில் செருப்புச் சத்தம். ஏறும், நிற்கும், ஒரு படி இறங்கும், மறுபடி ஏறும். வாசலில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். முந்தானையை வாயோரம் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. எல்லாரும் இருப்பதைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"இல்ல… ரேசன் கார்டுல பேரு நீக்கணும்… அது இங்கனதானான்னு…"

குருவம்மாள் எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையமர்த்திவிட்டு எழுந்து போனேன்.

"இங்கன இல்லத்தா" என்றேன். "நான் ஆதார் திருத்த வந்தவ. வா, வெயில்ல வந்திருக்க, டீ குடி."

அது என் முகத்தையே பார்த்தது. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றியது.